வளைவு நிற்கிறது, பட்டறை எங்கே?

சேலத்திலிருந்து ஏற்காட்டு மலைக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு வளைவு நிற்கிறது. அதன் நெற்றியில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய பொருள் மட்டும் அங்கே இல்லை. படப்பிடிப்பு மண்டபங்கள் இருந்த நிலத்தில் இன்று வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் பாடசாலைக்குப் போய் வருகிறார்கள், துணி காய்கிறது. மனிதர் குடியிருக்க வீடு கட்டுவதை நாம் குறை கூற முற்படவில்லை. ஆயினும் அந்த வளைவை ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும் எவரும், வாசல் மிஞ்சி வீடு போன கதை இது என்று எண்ணாதிருக்க முடியாது.

2023ஆம் ஆண்டில் அந்த வளைவைக் குறித்து ஒரு வழக்காடல் எழுந்தது. அது நிற்கும் துண்டு நிலம் யாருடையது என்பதே தகராறு. நெடுஞ்சாலைத் துறையினர் அளந்து பார்த்து, அது சாலைக்குரிய எல்லைக்குள் வருகிறது என்றனர். உரிமையாளர் தரப்போ அது தம் பட்டா நிலம் என்றது. முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு அங்கே சிலை வைக்கும் நோக்கத்தோடு நிலம் கேட்கப்படுகிறது என்று ஒரு சாரார் குற்றஞ்சாட்ட, அரசினர் அதை மறுத்தனர். எதிர்க்கட்சியார் அறிக்கை விடுத்தனர். வளைவைக் காப்பாற்றுவோம் என்ற குரல் நாற்புறமும் கேட்டது. அது வரையில் அந்த வளைவைத் திரும்பியும் பாராதவர்கள்கூட அதன்முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த முழக்கத்தைத்தான் நாம் இங்கே விமரிசிக்க விரும்புகிறோம். எதைக் காப்பாற்ற விரும்புகிறார்கள்? யாருக்காக? படம் எடுத்த கூடமா, அல்லது அந்தக் கூடத்திற்கு வந்து போன பெரிய மனிதரின் காலடித் தடமா?

சேலத்து வளைவுக்கும் சவளக்கடைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கக்கூடும். கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்து வயல்வெளிக்குள் வந்தால் எங்கள் ஊர். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனைக்குப் போவதே பாடாகிவிடும். அப்படிப்பட்ட ஊரிலும், அதைச் சூழ்ந்த முஸ்லிம் கிராமங்களிலும் தமிழ்க் கிராமங்களிலும், இரண்டு தலைமுறை மக்கள் சேலத்திலே தைத்த உடுப்பையும் சேலத்திலே அடித்த வாளையும் சேலத்துத் தச்சன் கட்டிய அரண்மனையையும் பார்த்து வளர்ந்தவர்கள். சூடடிப்பு முடிந்து கையில் நாலு காசு புரளும் நாளில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்கப் போனவர்கள் எங்கள் வாப்பாமார். "படம் பார்த்தால் பாவம்" என்று பள்ளிவாசலில் கேட்ட உபதேசத்தை மறுநாள் மறந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். 1956இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இந்தக் கரையில் எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ! தமிழிலே முழுக்க வண்ணத்தில் எடுக்கப்பட்ட முதற்படம் அது. அதன் அரபு நாடு அட்டையாலும் சாயத்தாலும் ஆனது. அந்த நாட்டில் உண்மையான ஓர் ஏழையின் பசி எங்கும் தென்படாது. இருந்தாலும், தம் பெயரை ஒத்த பெயருடைய ஒரு விறகுவெட்டி வெள்ளித்திரையில் தமிழ் பேசிச் செல்வரை வெல்லுவதைக் கண்ட எளியவன் அடைந்த பெருமிதத்தை நாம் ஏளனஞ் செய்ய மாட்டோம்.

ஆகவே மாடர்ன் தியேட்டர்ஸ் நமக்கு அந்நியமன்று. நம் மக்களின் செப்புக்காசும் அந்தச் சுவரில் ஒரு கல்லாக ஏறியிருக்கிறது.

அந்த ஸ்தாபனத்தை 1935இல் தொடங்கியவர் டி. ஆர். சுந்தரம். நெசவுத் தொழில் பற்றிப் படிக்க இங்கிலாந்து சென்று திரும்பியவர். இந்தச் செய்தியை வெறும் வாழ்க்கைக் குறிப்பாக எண்ணிவிடலாகாது. அவர் கலைஞனின் கண்ணோடு சினிமாவுக்கு வந்தவரல்லர்; ஆலை முதலாளியின் கண்ணோடு வந்தவர். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாக மறு வாசலில் வெளிவருவதைப் போல, கதை ஒரு வாசலில் நுழைந்து படச்சுருளாக மறு வாசலில் வெளிவர வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். படப்பிடிப்பு மண்டபம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் ரசாயனக் கூடம், தச்சுப் பட்டறை, உடுப்பறை எல்லாம் ஒரே வளவிற்குள். நடிகர் முதல் கவிஞர் வரை மாதச் சம்பளக்காரர். நேரந் தவறாமை அங்கே சட்டம். முதலில் 1937இல் 'சதி அகல்யா' வந்தது. மறு ஆண்டே 'பாலன்' என்ற படத்தின் மூலம் மலையாளத்தின் முதற் பேசும்படமும் சேலத்து மண்ணில் பிறந்தது. 1940இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் பூண்ட 'உத்தம புத்திரன்'. 1950இல் 'மந்திரி குமாரி', 'பொன்முடி'. 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு'. இவ்வாறு அந்த ஆலை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை நெய்து தள்ளியது. சென்னைக்குப் போகாமலே, மலையடிவாரத்து நகரம் ஒன்றில் இது நடந்தது என்பதை மறக்கலாகாது. தலைநகரத்தில்தான் கலை பிறக்கும் என்று நம்புகிற நம் கொழும்புக் கனவான்களுக்கும் இது ஒரு பாடம்.

இந்த ஆலையை நாம் புகழவா வேண்டும், இகழவா வேண்டும்? இரண்டும் வேண்டும் என்பதே நம் கருத்து.

முதலில் இகழ வேண்டியதைச் சொல்லிவிடுவோம். ஆலையில் நெய்த துணியில் ஒரே கோடு திரும்பத் திரும்ப வருவதைப் போல அங்கே எடுத்த படங்களில் ஒரே சூழ்ச்சிக்கார மந்திரி, ஒரே சிறைச்சாலை, ஒரே கத்திச்சண்டை திரும்பத் திரும்ப வந்தன. சேலத்தைச் சுற்றி இருந்த கைத்தறி நெசவாளியின் வாழ்வு, அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தக் கூடத்தின் காமிராக் கண்ணில் அபூர்வமாகவே விழுந்தது. ஆட்சியாளர் கேட்டபோது வளையவும் அந்த ஸ்தாபனம் தயங்கவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் யுத்த முயற்சிக்கு ஆதரவான படம் எடுக்குமாறு பிரிட்டிஷ் அரசு படமுதலாளிகளை நெருக்கியது. 1945இல் வந்த 'பர்மா ராணி' அந்த நெருக்குதலின் பிள்ளை. அதில் ஜப்பானிய அதிகாரியாக வேடம் பூண்டவர் முதலாளி சுந்தரமே! நாடு விடுதலைக்குத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏகாதிபத்தியத்தின் விமானப் படைக்கு ஒரு தமிழ்க் கலைக்கூடம் கீதம் பாடிற்று என்பதை வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் நினைவிற் கொள்வது நல்லது.

புகழ வேண்டியது வேறு. மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு முதலாளியின் வசதிக்காக வந்ததுதான். என்றாலும் அது கலைத் தொழிலாளிக்கு மாதம் முழுதும் அடுப்பெரிய உத்தரவாதம் தந்தது. ஒரு தச்சன் ஆண்டு முழுவதும் ஒரே பட்டறையில் வேலை செய்தான். தனக்குப் பின் வருபவனுக்குக் கற்றுக் கொடுத்தான். ஒளியமைப்பாளன் உதவியாளாகச் சேர்ந்து ஒளிப்பதிவாளனாக உயர வழியிருந்தது. தமிழ்ச் சினிமாவுக்கு அக்காலத்தில் கல்லூரி கிடையாது, ஸ்டூடியோதான் கல்லூரி. கவிஞர் கா. மு. ஷெரீப்பும் கவிஞர் அ. மருதகாசியும் அந்த வளவுக்குள் இருந்து பாட்டெழுதினார்கள். ஷெரீப் என்ற பெயரைக் கண்டதும் நம் கல்முனைக் கரையார் முகம் மலர்வது இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் அவர் அங்கே முஸ்லிம் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவருமல்லர், ஒதுக்கப்பட்டவருமல்லர். தொழில் தெரிந்தவர் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர். பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்ற காவியம் 'பொன்முடி'யாக அங்கே உருவெடுத்ததும், அதை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் என்பதும், பட்டறைக்குச் சாதியும் மதமும் தேசமும் தடையாக நின்றதில்லை என்பதற்கு வேறொரு சான்று.

சுந்தரம் 1963இல் மறைந்தார். அதன் பின்னும் சில காலம் படங்கள் வந்தன. 1980களின் தொடக்கத்தோடு ஆலை ஓய்ந்தது. ஏன் ஓய்ந்தது? முதலாளி மறைந்தார், ஆகவே ஸ்தாபனம் சரிந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மையே. சம்பளத்துக்கு நடித்த நடிகன் நட்சத்திரமாகி, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று விலை பேசத் தொடங்கினான். படம் எடுப்பவன் ஸ்டூடியோவின் சொந்தக்காரனாக இருந்த காலம் போய், கடன் வாங்கி மண்டபத்தை நாள் வாடகைக்கு எடுப்பவன் படம் எடுக்கும் காலம் வந்தது. பிறகு காமிரா இலகுவாகி, படப்பிடிப்பு வயலுக்கும் கடற்கரைக்கும் சென்றது. கலைக்கு அது நன்மையே. அட்டை அரண்மனையை விட்டு மண்ணைக் காட்டிய படங்களை நாம் மனமார வரவேற்றோம். ஆனால் மண்டபம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் மண்டபத்தின் கீழே இருக்கும் நிலமோ சும்மா கிடக்கவில்லை. நாளுக்கு நாள் விலை ஏறிற்று. கட்டடம் ஈட்டித் தருவதைவிட நிலத்தின் விலை மிகுந்துவிட்டால் கட்டடத்துக்கு ஆயுள் முடிந்தது என்பது முதலாளித்துவத்தின் கணக்கு. அங்கே என்ன படம் எடுத்தார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே வராது.

சேலம் ஒன்றுதானா? எஸ். எஸ். வாசன் 'சந்திரலேகா'வை 1948இல் உலகறியச் செய்த ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஹோட்டலும் கடைத் தொகுதியும். 1973இல் அதன் பக்கத்தில் எழுந்த மேம்பாலத்துக்கு அரசினர் அண்ணாவின் பெயரை வைத்தார்கள். மக்களோ ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறார்கள். அரசாணைக்குக் கீழ்ப்படியாத இந்த நாக்குத்தான் உண்மையான நினைவுச்சின்னம் என்று சொன்னால் மிகையாகாது. ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட வடபழனி விஜயா-வாஹினி ஆஸ்பத்திரியாகவும் கல்யாண மண்டபமாகவும் அங்காடி மாளிகையாகவும் உருமாறிற்று. பம்பாய் செம்பூரில் 1948இல் ராஜ் கபூர் நிறுவிய ஆர். கே. ஸ்டூடியோ 2017இல் தீப்பிடித்தது. பழைய உடுப்புகளும் பொருள்களும் எரிந்தன. 2019இல் கோத்ரெஜ் குழுமத்தின் கட்டட நிறுவனம் அந்த நிலத்தை வாங்கியது. ஏழைத் திரிதரனின் வேடமிட்டு உலகத் தொழிலாளர் நெஞ்சில் இடம்பிடித்த ஒரு கலைஞனின் கூடம் ஆடம்பரக் குடியிருப்பானது என்பதில் உள்ள கசப்பை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வாறு வரிசையாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவது எளிது. நம் வார இதழ்கள் அதைச் செவ்வனே செய்கின்றன. காப்பாற்ற முடிந்ததுண்டா என்று தேடிப் பார்ப்பதே பயனுள்ள வேலை.

உண்டு. இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ என்ற படப்பிடிப்பு நிலையம் இருக்கிறது. 1988இல் பிரென்ட் வாக்கர் என்ற நிறுவனம் அதை வாங்கி, நிலத்தின் ஒரு பெரும் பகுதியைப் பல்பொருள் அங்காடிக்கு விற்றது. மிச்சமும் போய்விடும் என்ற நிலையில் உள்ளூர் மக்களும் படத்தொழிலாளரும் 'எங்கள் ஸ்டூடியோக்களைக் காப்பாற்றுங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் அது நடந்தது. கடைசியில் 1996இல் ஹெர்ட்ஸ்மியர் என்ற உள்ளூராட்சி மன்றம் எஞ்சிய நிலத்தை விலை கொடுத்து வாங்கிற்று. 1999இல் புதிய மண்டபங்கள் திறக்கப்பட்டன. இன்றும் அங்கே வேலை நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது என்ன? அவர்கள் அதை நூதனசாலையாகக் காப்பாற்றவில்லை. வேலைத்தலமாகக் காப்பாற்றினார்கள். உள்ளூராட்சி மன்றம் என்றால் குப்பை அள்ளுவதும் விளக்குக் கம்பம் நடுவதும்தான் என்று நினைக்கும் நம்மவர் சற்று யோசிக்கட்டும்.

இத்தாலியில் நடந்தது இன்னும் கூர்மையானது. ரோமாபுரியின் சினெசித்தா 1937இல் முசோலினி திறந்து வைத்த கூடம். பாசிசத்தின் பிரசாரத்துக்கென்று பிறந்தது. யுத்தம் முடிந்தபின் வீடிழந்த மக்கள் தங்கும் முகாமாக இருந்தது. பின்னர் உலகம் போற்றும் படங்கள் அங்கே உருவாயின. 1990களின் பிற்பகுதியில் அது தனியார் கைக்குப் போயிற்று. 2012இல் அந்த வளவுக்குள் ஹோட்டல் கட்டப் போவதாகவும், சில தொழிற் பிரிவுகளை வெளியே மாற்றப் போவதாகவும் நிர்வாகம் சொன்னபோது, தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்து வாயிலிலேயே முகாமிட்டு உட்கார்ந்தார்கள். ஓவியர், சிற்பிகள், தச்சர், படச்சுருள் கழுவுவோர் எல்லாருமே. 2017இல் அது மீண்டும் அரசின் கைக்கு வந்தது. தொழிலாளரின் போராட்டம் ஒன்றினாலேயே அது வந்தது என்று நாம் கணக்கை எளிதாக்கவில்லை. தனியார் நிர்வாகத்தின் நட்டமும் அதில் சேர்ந்தது. ஆனால் காக்கப்பட வேண்டியது எது என்பதை முதலில் சரியாகச் சொன்னவர்கள் அவர்களே. கூரையும் வாயிலும் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கைத்திறன் தான் சினெசித்தா என்றார்கள்.

இதைச் சேலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வளைவைக் காக்க எழுந்த குரல்களில் பெரிதும் கேட்ட வாதம், 'முதலமைச்சர்கள் பலர் தோன்றிய இடம் இது' என்பதாகும். அண்ணாதுரை, கருணாநிதி, எம். ஜி. ராமச்சந்திரன், ஜெயலலிதா, ஆந்திரத்து என். டி. ராமராவ் என்று விரல் மடக்கி எண்ணுகிறார்கள். எண்ணட்டும். ஆனால் விரல் மடங்கி முடிந்த பின்பு ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவர்கள் பேசிய வசனத்தைப் பதிவு செய்தவன் யார்? அவர்கள் உட்கார்ந்த சிங்காசனத்தைச் செதுக்கியவன் யார்? கொதிக்கும் விளக்கைத் தலைக்குமேல் பரணில் நின்று பிடித்தவன் யார்? அவர்களுக்கு வளைவும் இல்லை, சிலையும் இல்லை. ஒரு கட்டடத்தின் பெருமையை அதில் இருந்து ஆட்சிக்குப் போனவரைக் கொண்டு அளப்பது, பழைய கோயிலை மன்னன் பெயரால் மட்டும் அறிந்து சிற்பியை மறந்த அதே மனப்பான்மையே. இந்த வாதத்திற்குள் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தலைவர் பெயரால் காக்கப்படும் சின்னம் தலைவரின் கட்சிக்குச் சொந்தமாகும். மறு கட்சி ஆட்சிக்கு வந்ததும் அது பகைவனின் சின்னமாகும். 2023இல் நடந்த தகராறு முழுவதும் அந்தப் போக்கிலேயே சென்றது. யார் சிலை, யார் நிலம் என்று பேசினார்களே ஒழிய, அந்த வளவில் உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியலையேனும் ஒருவர் கேட்கவில்லை.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கையின் முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரியில் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரைச் சித்ரகலா ஸ்டூடியோ. இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. கதாநாயகி ருக்மணி தேவியோ தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அதே ஆண்டில் வந்த 'அசோகமாலா' கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. இசை முகம்மது கௌஸ். அதில் பாடிய மொஹிதீன் பேக் சேலத்திலே பிறந்த முஸ்லிம்! அவர் பாடிய சிங்களப் பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் நாளில் தென்னிலங்கைத் தெருக்களில் ஒலிக்கின்றன. சிங்களச் சினிமாவின் தொட்டிலை ஆட்டிய கைகளில் தமிழன் கையும் முஸ்லிம் கையும் வங்காளி கையும் இருந்தன என்பது நம் பாடப்புத்தகங்களில் இல்லாத சரித்திரம். இனத்தூய்மை பேசும் எந்தக் கூட்டத்தாருக்கும், நம்மவர் உட்பட, இது இனிக்கும் செய்தியன்று.

பின்னர் நம் நாட்டிலேயே படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினம் நடத்திய விஜயா ஸ்டூடியோ. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' 1960இல் குணரத்தினத்தின் தயாரிப்பாக வந்தது. பறங்கியருக்கு எதிரான மக்கள் போராட்டத்தைச் சொன்ன அந்தச் சிங்களப் படத்துக்குப் பணம் போட்டவர் ஒரு தமிழ் முதலாளி. 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல் அந்த ஸ்டூடியோவைக் கொளுத்திற்று. தமிழனின் சொத்து என்று எண்ணிக் கொளுத்தினார்கள். உள்ளே எரிந்ததில் பெரும்பகுதி சிங்களப் படங்களின் நெகடிவ் சுருள்கள்! தம் மொழியின் கலைச்செல்வத்தைத் தம் கையாலேயே தீயில் இட்டார்கள் அந்த மூடர்கள். இனவெறி தன் வீட்டுக் கூரையில் கொள்ளி வைக்கும் என்று மேடையில் பேசுகிறோமே, அதற்கு ஹெந்தளையைவிட அப்பட்டமான உதாரணம் வேண்டுமா? குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சேலத்தை நிலவிலை தின்றது. ஹெந்தளையை இனவெறி தின்றது. முன்னதற்கு ஒரு வளைவேனும் மிஞ்சிற்று. பின்னதைக் காப்பாற்ற எந்த இயக்கமும் எழவில்லை. எழுவதற்கு அவகாசமும் இருக்கவில்லை. ஒரே இரவில் எரியும் கட்டடத்துக்கு முறையீட்டு மனு எழுத முடியாது. ஆனால் எரிந்த பின்பு, ஒரு நாட்டின் படைப்பு எரிந்தது என்று எத்தனை பேர் எழுதினோம்? 1981இல் யாழ்ப்பாண நூல்நிலையம் எரிந்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஏடு எரிந்தால் அறிவு எரிந்தது என்று புரிந்துகொள்ளும் நம் ஆசிரியப் பெருமக்களுக்குப் படச்சுருள் எரிந்தால் என்ன எரிந்தது என்று இன்னும் புரிந்ததாகத் தோன்றவில்லை. சினிமாவை ஒரு பொழுதுபோக்குச் சரக்காகவே கண்டதன் விளைவு இது. கேளிக்கை என்று தள்ளியவர்கள் பண்டிதர்கள். ஹராம் என்று தள்ளியவர்கள் ஆலிம்கள். முதலாளித்துவ மயக்கமருந்து என்று தள்ளியவர்கள் நம் தோழர்கள். மூவரும் சேர்ந்து தள்ளிய பண்டத்தை எடுத்துப் பூட்டி வைக்க ஆளில்லாமற் போயிற்று.

ஈழத்துத் தமிழ்ப் படங்களின் கதியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1962இல் 'சமுதாயம்', அதை அடுத்து 'தோட்டக்காரி', 1972இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு', 1975இல் வி. பி. கணேசனின் 'புதிய காற்று', 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி', 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து வந்த 'வாடைக்காற்று'. பத்திராஜ சிங்களவர், யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைத் தமிழ்ப் படத்தில் காட்டத் துணிந்தவர் அவர். இவற்றின் தரத்தைப் பற்றி நமக்கு மயக்கமில்லை. பல படங்கள் சென்னைச் சரக்கின் மங்கிய நகல்களே. ஆனால் நம் கடலும் நம் தோட்டமும் நம் பேச்சும் திரையில் விழுந்த முதற் கணங்கள் அவற்றில் இருக்கின்றன. இப்படங்களின் வரலாற்றைத் தம்பிஐயா தேவதாஸ் புத்தகமாக எழுதி வைத்திராவிட்டால் பெயர்கள்கூட மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். புத்தகம் இருக்கிறது, பார்ப்பதற்குப் படம் எங்கே என்று இன்றைய மாணவன் கேட்டால் நாம் விழிக்க வேண்டியிருக்கிறது.

படம் எப்படி அழிகிறது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏறக்குறைய 1950 வரை உபயோகத்திலிருந்த நைட்ரேட் படச்சுருள் வெடிமருந்துக்கு உறவு; வெப்பம் மிகுந்தால் தானே தீப்பற்றும். அதன்பின் வந்த அசிட்டேட் சுருள் எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் புளித்த காடியின் மணம் வீசிச் சுருங்கிப் போகும். நம் கரையோரத்து உப்புக்காற்றும் புழுக்கமும் அதற்கு எமன். இயற்கை விட்டு வைத்ததை வியாபாரம் விடவில்லை. கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த படத்தை உருக்கி வெள்ளி எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. தமிழின் முதற் பேசும்படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' இன்று இல்லை. சேலத்தில் பிறந்த 'பாலன்' படத்துக்கும் பிரதி கிடைக்கவில்லை. வளைவுக்காகச் சண்டையிட்டவர்களில் எத்தனை பேர் அந்த வளைவுக்குள் பிறந்த நூற்றுச் சொச்சம் படங்களில் எத்தனை உயிரோடிருக்கின்றன என்று கேட்டார்கள்? இந்தியாவில் 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது, பி. கே. நாயர் என்ற ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து கொட்டகைக் கிடங்குகளில் சுருள்களைப் பொறுக்கிச் சேர்த்தார். அவர் பொறுக்கியது மிஞ்சிற்று, பொறுக்காதது போயிற்று.

நம் தோழர்கள் ஓர் ஆட்சேபனை எழுப்புவார்கள் என்பதை அறிவோம். நெல்லுக்கு விலையில்லை, உரத்துக்குப் பணமில்லை, 2004இன் கடற்கோளில் கரையோரத்தில் வீடிழந்தவர்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. இந்த நேரத்தில் பழைய ஸ்டூடியோவைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவனின் வேலையல்லவா? இக்கேள்வி நேர்மையானது. ஆனால் இதைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல்லுக்கு விலை நிர்ணயிக்கும் சக்தியும் ஸ்டூடியோவின் நிலத்துக்கு விலை நிர்ணயிக்கும் சக்தியும் வெவ்வேறல்ல. வேலைத்தலம் ஒன்று நிலமாக மாறும்போது முதலில் தெருவுக்கு வருபவன் தொழிலாளி. ஜெமினியிலும் வாஹினியிலும் சேலத்திலும் வளவு விற்கப்பட்டபோது முதலாளிக்கு விலை கிடைத்தது. நட்சத்திரத்துக்கு வேறு கூடம் கிடைத்தது. பட்டறைத் தச்சனுக்கு என்ன கிடைத்தது? ஆலை மூடலை எதிர்க்கிற நாம், கலை ஆலை மூடப்பட்டால் மட்டும் ரசிகனாக மாறிக் கண்ணீர் விடுவதோ, பகுத்தறிவாளனாக மாறிச் சிரிப்பதோ முறையாகாது.

சென்னையில் ஏவி.எம். நிறுவனத்தார் 2023இல் தம் வளவுக்குள் ஒரு பாரம்பரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய வாகனங்களும் காமிராக்களும் துப்புரவாக வைக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம், ஒன்றுமில்லாததற்கு இது எவ்வளவோ மேல். ஆயினும் துடைத்து வைத்த காமிரா பேசாது. அதைத் தோளில் சுமந்தவன் பேசுவான். அவன் இருக்கும் வரையில். அந்தத் தலைமுறை நாளுக்கு நாள் மறைந்துகொண்டிருக்கிறது. சேலத்தில் வளைவைச் சுற்றி வேலி போடுவதற்கு முன்னால், அந்த வளவில் சம்பளம் வாங்கிய முதியவர்களை வீடு வீடாகத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்ய ஒரு கல்லூரி முன்வந்தால் அதுவே மாடர்ன் தியேட்டர்ஸைக் காப்பாற்றியதாகும். வளைவும் நிற்கட்டும், பொது மக்களின் சொத்தாக, எவர் சிலைக்கும் நிழற்குடையாகாமல் நிற்கட்டும்.

இக்கரையிலும் செய்யக்கூடியது உண்டு. நம் பகுதியில் கொட்டகைகளில் படம் ஓட்டிய ஒப்பரேட்டர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கார்பன் குச்சியின் ஒளியில் கண் மங்கியவர்கள். விளம்பரத் தட்டியை வண்டியில் கட்டி, பறையடித்து ஊர் ஊராகச் சென்றவர்கள் இருக்கிறார்கள். பழைய பெட்டிகளின் அடியில் பாட்டுப் புத்தகமும் படநோட்டீசும் செல்லரித்துக் கிடக்கின்றன. சேலத்தில் உருவான படத்தின் நோட்டீசு சவளக்கடையில் ஒரு வயோதிபரின் நெல் கணக்குக் கொப்பிக்குள் இருக்கக்கூடும். உயர்தர வகுப்பு மாணவர்கள் செயற்றிட்டம் என்று ஆண்டுதோறும் எழுதிக் குவிக்கும் கட்டுரைகளில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்க ஆசிரியர்கள் இணங்கினால், கல்முனை வட்டாரத்து வாசிகசாலைகளில் ஒரு அலுமாரியின் ஒரு தட்டு போதும். பிரதேச சபையிடம் முதலில் கேட்க வேண்டியதும் அந்தத் தட்டுத்தான். அதற்குப் பூட்டும், மழை ஒழுகாத கூரையும்.